கோரிமேட்டுக்குப் பொருந்தாத படிவம்

நிதியுதவி கோரும் விண்ணப்பப் படிவங்களின் முதல் பக்கத்தில் தவறாமல் ஒரு கேள்வி இருக்கும்: உங்கள் பணிப் பகுதி எது? மாநிலம், மாவட்டம், வட்டம் என்று மூன்று கட்டங்கள். கோரிமேட்டில் இயங்கும் ஒரு சிறு தொண்டு அமைப்பு அங்கே என்ன எழுதும்? அமைப்பு இருப்பது புதுச்சேரியில். ஆனால், ஜிப்மர் மருத்துவமனை வாசலில் அதனிடம் காலைக் கஞ்சி வாங்கிக் குடிப்பவர்களில் பலர் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்கள். திண்டிவனம் சாலையில் எல்லையைத் தாண்டினால் பட்டானூர், அது தமிழ்நாடு. 'புதுச்சேரி' என்று எழுதினால், 'உங்கள் பயனாளிகள் ஏன் வெளிமாநிலத்தவர்?' என்று கேள்வி வரும். 'விழுப்புரம்' என்று எழுதினால், 'அங்கே உங்களுக்கு அலுவலகம் உண்டா?' என்பார்கள்.

இது படிவத்தின் குறை. ஆனால், அதற்கு ஏற்றபடி தங்கள் வேலையைக் குறுக்கி எழுதும் பழக்கம் நம் அமைப்புகளிடம் வேரூன்றிவிட்டது. நிதி வேண்டுமே என்ற பயத்தில், உள்ளூர் ரேஷன் அட்டை உள்ளவர்களை மட்டும் கணக்கில் காட்டிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு, புற்றுநோய்ப் பிரிவுக்குக் கணவரை அழைத்து வந்து வராந்தாவில் படுத்திருக்கும் சங்கராபுரத்துப் பெண் அந்த அமைப்பின் காகிதங்களில் எங்குமே இல்லை. 'கரண்ட்' வைக்க, அதாவது கதிர்வீச்சு சிகிச்சைக்கு, வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் பல வாரங்கள் வர வேண்டும். தினம் ஊருக்குப் போய்த் திரும்பப் பஸ் கட்டணம் கட்டுப்படியாகாது. அவளுடைய நாற்றுநடவுக் கூலி போய்விட்டது; பிள்ளைகள் பாட்டி வீட்டில். மருத்துவமனை சிகிச்சையைப் பார்த்துக்கொள்கிறது. அவளுடைய இரவுப் படுக்கையையும் காலைக் கஞ்சியையும் யாரோ நான்கு பேர் சேர்ந்து தொடங்கிய ஒரு சங்கம்தான் பார்த்துக்கொள்கிறது.

அப்படிப்பட்ட சங்கங்களின் கணக்கைப் பார்ப்பது என் தொழில். அவர்களிடம் நான் முதலில் கேட்பது வங்கிப் புத்தகத்தை அல்ல, சாப்பாடு வாங்கியவர்கள் பெயர் எழுதும் நீள நோட்டை. பெயர், ஊர், எந்த வார்டு, எத்தனையாவது நாள் என்று நான்கு பத்திகள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் நிற்பவர் எழுதிக்கொடுத்திருப்பார். கையெழுத்து பக்கத்துக்குப் பக்கம் மாறும். சில பக்கங்களில் சாம்பார் கறைகூட இருக்கும். ஊர்ப் பத்தியை மட்டும் மூன்று மாதத்துக்குத் தொகுத்தால் போதும், இந்த அமைப்பின் பணிப் பகுதி எது என்பதற்கு மறுக்க முடியாத பதில் கிடைத்துவிடும். 'எங்கள் அலுவலகம் கோரிமேட்டில். எங்களிடம் வருகிறவர்கள் இந்த ஊர்களிலிருந்து. காரணம் இந்த மருத்துவமனை' என்று மூன்று வரி எழுதி, அந்தத் தொகுப்பை இணைத்து அனுப்புங்கள் என்பேன்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிக்கும் இதே அணுகுமுறைதான். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, நிறுவனம் இயங்கும் உள்ளூருக்கும் சுற்றுப்பகுதிக்கும் முன்னுரிமை தரச் சொல்கிறது. இது வழிகாட்டுதல்தான், கட்டாயம் இல்லை என்று மத்திய அரசே 2021-இல் விளக்கம் கொடுத்திருக்கிறது. 'எங்கள் மாவட்டத்துக்கு வெளியே தர முடியாது' என்று ஓர் அதிகாரி சொன்னால், பணிவோடு இந்த விளக்கத்தை எடுத்துக்காட்டலாம்.

அடுத்தது செலவு. கஞ்சிக்கு அரிசி, கேஸ் சிலிண்டர், தட்டு என்று பட்டியல் போடுவார்கள். வண்டி ஓட்டுபவரின் சம்பளம், நோட்டு எழுதும் பெண்ணின் சம்பளம், ஆடிட்டர் கட்டணம், அறை வாடகை எதுவும் அதில் இருக்காது. கேட்டால், 'நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாதாமே' என்பார்கள். இந்தத் தவறான நம்பிக்கை பல அமைப்புகளை உள்ளுக்குள் அரித்திருக்கிறது. சமூகப் பொறுப்பு நிதி விதிகள் சொல்லும் 5 சதவீத வரம்பு, நிதி தரும் கம்பெனி தன் அலுவலகத்தில் அந்த வேலைக்காகச் செய்யும் பொது நிர்வாகச் செலவுக்கானது. களத்தில் திட்டத்தை நடத்தும் ஆட்களின் சம்பளத்தை அது தொடவில்லை. வெளிநாட்டு நிதிக்குத்தான் பெறும் அமைப்பின் மீதே நிர்வாகச் செலவு வரம்பு உண்டு. வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின் 2020 திருத்தத்தில் அது 50-இலிருந்து 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, நோட்டு எழுதும் பெண்ணுக்கு ஆறு மாதச் சம்பள பாக்கி வைத்திருக்கும் அமைப்புகள் உண்டு.

இப்படிச் சம்பளத்தைக் கணக்கில் காட்டாததற்கு நம் கொடை மரபும் ஒரு காரணம். இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத வடலூரில் வள்ளலார் 1867-இல் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. அரிசி மூட்டையும் காய்கறியும் கொண்டு வந்து இறக்க மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறந்தநாள், திருமண நாள், திதி என்று ஒருவேளைச் சாப்பாட்டுக்குப் பணம் தருபவர்கள் புதுச்சேரியில் ஏராளம். அதே மனிதரிடம் 'கணக்கு எழுதுபவர் சம்பளத்துக்குத் தாருங்கள்' என்று கேட்டால் முகம் மாறுகிறது. சோறு போடும் கைக்கும் கூலி உண்டு என்பதை விண்ணப்பத்திலேயே எழுதத் துணிய வேண்டும். மறைத்தால் அந்தத் தொகை வேறு தலைப்பில் ஒளிந்துகொள்ளும். தணிக்கையில் அது வெளிப்படும் நாளில், நேர்மையாக உழைத்தவர்கள் திருடர்களைப் போல நிற்க நேரும்.

எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். ஒருவர் முப்பது நாள் சாப்பிட்டால் அது முப்பது சாப்பாடு, ஒரு பயனாளி. 'முப்பது பேர்' என்று எழுதுவது பொய். அப்புறம் புகைப்படம். தலைமுடி கொட்டிய நோயாளியின் முகத்தைப் பெரிதாக அச்சடித்துத்தான் நிதி கேட்க வேண்டும் என்றால், அந்த நிதி இல்லாமலேயே இருந்துவிடலாம்.

உண்மையான இடம், உண்மையான செலவு, உண்மையான எண்ணிக்கை எல்லாம் எழுதியாயிற்று. அப்போதும் ஒரு கதவு மூடியே இருக்கிறது. சமூகப் பொறுப்பு நிதி பெற வெளி அமைப்புக்கு 12ஏபி, 80ஜி ஆகிய வருமான வரிப் பதிவுகளோடு அதே துறையில் மூன்றாண்டு அனுபவம் வேண்டும். சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு வேண்டும். வெளிநாட்டு நிதிப் பதிவுக்கும் மூன்றாண்டு வயது வேண்டும். அந்த மூன்றாண்டில் 15 லட்சம் ரூபாய் பணிக்காகச் செலவிட்டிருக்கவும் வேண்டும். முறைகேடுகளைத் தடுக்க இந்த விதிகள் தேவை என்பதை ஏற்கிறேன். ஆனால், புதிதாகப் பிறந்த அமைப்பு முதல் மூன்று ஆண்டுகள் எதைத் தின்று உயிரோடு இருக்கும்?

அந்த மூன்று ஆண்டுகள் ஊரின் பொறுப்பு. ஊர் அப்படிப் பொறுப்பேற்க உலகில் ஏற்கெனவே ஒரு வழி உண்டு: சமூக அறக்கட்டளைகள். 1914-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஃபிரடெரிக் காஃப் என்ற வங்கித் தலைவர் முதலாவதைத் தொடங்கினார். ஆளுக்கொரு அறக்கட்டளை வைத்து, காலம் மாறியும் உயிலின் நிபந்தனைகள் மாறாமல் பணம் முடங்கிக் கிடப்பதைப் பார்த்து, ஊரார் பணத்தை ஒரே நிதியத்தில் சேர்த்து, ஊரைத் தெரிந்த ஒரு குழு ஆண்டுதோறும் அன்றைய தேவைக்குப் பகிர்ந்து கொடுக்கும் முறையை வகுத்தார். நம் நாட்டில் மும்பையில் 1991-இல் பம்பாய் கம்யூனிட்டி பப்ளிக் டிரஸ்ட் இதே நோக்கில் உருவானது. புதுச்சேரிக்கு அப்படி ஒன்று வேண்டும் என்பதே என் கோரிக்கை.

பணத்துக்கு இங்கே பஞ்சமில்லை. கோரிமேட்டை ஒட்டிய மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலும் தட்டாஞ்சாவடியிலும் சிறு, நடுத்தர ஆலைகள் இருக்கின்றன. நிகர லாபம் 5 கோடியையோ, விற்றுமுதல் 1,000 கோடியையோ, நிகர மதிப்பு 500 கோடியையோ எட்டாத ஆலைக்குச் சமூகப் பொறுப்புக்கு லாபத்தில் 2 சதவீதம் செலவிடும் சட்டக் கடமை இல்லை. ஆனால், தரும் மனம் உள்ள முதலாளிகள் உண்டு. யாருக்குத் தருவது, தந்தது என்ன ஆயிற்று என்று தேடிப் பார்க்கத்தான் அவர்களுக்கு நேரமில்லை. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் 80ஜி விலக்கு கிடையாது என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. ஒரு பொது நிதியம் இந்த வேலைகளை அவர்களுக்காகச் செய்யும்.

புதுச்சேரிக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். 1962 ஆகஸ்ட் 16-இல் பிரான்ஸ் இந்தப் பகுதிகளைச் சட்டப்படி ஒப்படைத்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் இன்றும் நம் தெருக்களில் வாழ்கின்றன. பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றியதற்கான 'சொல்தா' ஓய்வூதியம் வாங்கும் தாத்தாவுக்கு இந்த ஊரைத் தவிர வேறு ஊர் தெரியாது. அவர் ஜிப்மர் வாசல் கஞ்சிக்கு ஆயிரம் ரூபாய் தந்தால், இந்திய ரூபாயாகவே தந்தாலும், அது சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டுப் பங்களிப்பு. பதிவில்லாத சிறு அமைப்பு அதை வாங்குவது குற்றம். 2020 திருத்தத்துக்குப் பிறகு, வாங்கத் தகுதியுள்ள பெரிய அமைப்பு அதை வாங்கிச் சிறிய அமைப்புக்குக் கைமாற்றவும் கூடாது. பொது நிதியம் வந்தாலும் அவர் பணத்தை அதன் வழியே பகிர முடியாது. ஆனால், வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு, பொதுநலன் கருதி ஓர் அமைப்புக்கோ தனிநபருக்கோ விலக்களிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்திருக்கிறது. புதுச்சேரியிலேயே வாழும் பிரெஞ்சுக் குடியுரிமைத் தமிழர்கள் ரூபாயில் தரும் சிறு தொகைகளுக்காக இந்த விலக்கைக் கேட்டுப் பெற வேண்டியது இங்குள்ள மக்கள் பிரதிநிதிகளின் வேலை.

அதுவரை காத்திருக்க வேண்டாம். வணிகர்களும் ஓய்வு பெற்ற மருத்துவர்களும் ஆடிட்டர்களும் சேர்ந்து ஓர் அறக்கட்டளையைப் பதிவு செய்து, 12ஏபி, 80ஜி பதிவை வாங்கிவிடலாம். முதல் ஆண்டில் பெரிய திட்டம் எதற்கும் பணம் தர வேண்டியதில்லை. மூன்று வயது நிரம்பாத அமைப்புகளுக்கு மட்டும், ஆடிட்டர் கட்டணத்துக்கும் கணக்கு எழுதுபவரின் சம்பளத்துக்கும் வாடகைக்கும் தரட்டும். விண்ணப்பம் இரண்டு பக்கம் போதும். தமிழில் எழுதினால் ஏற்க வேண்டும். பணிப் பகுதி என்ற கேள்விக்கு மாநிலம், மாவட்டம் என்ற கட்டங்கள் வேண்டாம். 'உங்களிடம் வருகிறவர்கள் எந்தெந்த ஊர்களிலிருந்து வருகிறார்கள்?' என்று கேட்டு, நீள நோட்டின் நகலை இணைக்கச் சொன்னால் போதும்.

(கட்டுரையாளர், தொண்டு அமைப்புகளின் கணக்கு ஆலோசகர், கோரிமேடு.)