ஸ்டிக்கரில் எழுதும் எண்

சர்வீஸ் முடிந்த காரின் முன்கண்ணாடி ஓரத்தில், அடுத்த ஆயில் சேஞ்ச் எத்தனையாவது கிலோமீட்டரில் என்று எழுதி ஒட்டுவது பட்டறைகளின் வழக்கம். அந்த எண் எப்படி வருகிறது? ஓடோமீட்டரில் இருப்பதோடு ஐயாயிரத்தைக் கூட்டுவோர் ஒரு சாரார். பத்தாயிரத்தைக் கூட்டுவோர் இன்னொரு சாரார். கார் தினமும் எங்கே போகிறது, எவ்வளவு நேரம் நின்றபடி இன்ஜின் ஓடுகிறது என்று விசாரித்து எழுதுவோர் மிகக் குறைவு. வாடிக்கையாளர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும் தொழில்நுட்ப முடிவு அது. அவ்வளவு நம்பிக்கையோடு ஏற்கப்படும் எண், காருக்குக் கார் கணக்குப் போட்டு எழுதப்பட வேண்டும் என்பதே இந்த இதழின் நிலைப்பாடு.

ஐயாயிரம் கணக்கு சும்மா வந்ததல்ல. கார்புரேட்டர் காலத்து இன்ஜினில் காலையில் சோக்கை இழுத்தால், எரியாத பெட்ரோல் ரிங்குகளைத் தாண்டிச் சம்பில் இறங்கும். அன்றைய மினரல் ஆயிலோ சூட்டில் சீக்கிரம் கெட்டுக் கசடு கட்டும். அம்பாசடரையும் பிரீமியர் பத்மினியையும் பிரித்துத் தொழில் கற்ற கைகளுக்கு ஐயாயிரம் நியாயமான எல்லையாகத்தான் இருந்தது. அமெரிக்காவிலும் 3,000 மைல், அதாவது சுமார் 4,800 கி.மீ., என்ற வழக்கம் நெடுங்காலம் நீடித்தது.

அந்த வழக்கத்தை 1996-ல் ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ என்ற அமெரிக்க இதழ் சோதித்துப் பார்த்தது. நியூயார்க் நகரின் 75 டாக்சிகளில் புதுப்பித்த இன்ஜின்களை ஏற்றி, 60,000 மைல் ஓடவிட்டு, பிறகு பிரித்துக் கேம்ஷாஃப்ட்டையும் பேரிங்குகளையும் மைக்ரோமீட்டரால் அளந்தார்கள். 3,000 மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்றிய இன்ஜினுக்கும் 6,000 மைலுக்கு ஒருமுறை மாற்றியதற்கும் தேய்மானத்தில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. ஐயாயிரத்தை விடமாட்டேன் என்பவர்கள் இந்தச் சோதனையை யோசித்துப் பார்க்க வேண்டும். ஆனால் பத்தாயிரம் போதும் என்பவர்கள் இதைத் தங்கள் பக்கத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. டாக்சியில் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் டிரைவர்தான் மாறுவார். இன்ஜின் ஆறுவதே அபூர்வம். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து, சூடேறுவதற்குள் அணைப்பதுதான் ஆயிலை அதிகம் கெடுக்கிறது. அந்தச் சோதனையில் அது கிட்டத்தட்ட இல்லை.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம், ரிங்குகளைக் கடந்து கசியும் வாயுவோடு கீழே இறங்கும். ஆயில் நன்றாகச் சூடாகி அரைமணி நேரம் ஓடினால் அந்த ஈரம் ஆவியாகி, பிசிவி வால்வு வழியே வெளியேறிவிடும். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து மார்க்கெட் என்று மூன்று கிலோமீட்டரில் ஓட்டம் முடியும் காரில் அந்தச் சூடு வருவதே இல்லை. டேஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்திருக்கலாம். அது கூலன்ட்டின் சூடு. ஆயில் சூடேற இன்னும் நேரம் பிடிக்கும். தண்ணீரும் பெட்ரோலும் சம்பிலேயே தங்கி அமிலம் சேரும். அதை முறிப்பதற்காக ஆயிலில் சேர்த்திருக்கும் காரப் பொருள் கரைந்துகொண்டே வரும். பம்ப்பில் இன்று கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் இதை இன்னும் கவனிக்க வைக்கிறது, ஏனென்றால் எத்தனால் தண்ணீரோடு எளிதில் கலக்கும்.

இப்படி ஓடும் காரின் ஆயில் மூடியைத் திறந்தால் உட்புறம் வெளிர்மஞ்சளாக வெண்ணெய் போல ஒரு படிவு இருக்கும். கேஸ்கெட் போய்விட்டது என்று உடனே ஹெட்டைக் கழற்றச் சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. கூலன்ட் குறைகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். குறையவில்லை என்றால் பெரும்பாலும் அது குறுந்தூர ஓட்டத்தின் ஈரம்தான். ஆண்டுக்கு 3,000 கி.மீ.கூடத் தாண்டாத, ஓய்வுபெற்றவர் ஒருவரின் காருக்குக் கிலோமீட்டர் கணக்கு எந்த விதத்திலும் பொருந்தாது. அந்தக் காருக்குத் தேதிதான் கணக்கு.

மறுபக்கம் நேரக் கணக்கு. சென்னைக்கும் மதுரைக்கும் நெடுஞ்சாலையில் சராசரி 70 கி.மீ. வேகத்தில் போய்வரும் கார் 10,000 கி.மீ. ஓட ஏறத்தாழ 143 மணி நேரம் ஆகும். அண்ணா சாலை நெரிசலில் சராசரி 20 கி.மீ. வேகத்தில் ஊரும் கார் அதே தூரத்துக்கு 500 மணி நேரம் இன்ஜினை ஓடவிடுகிறது. ஸ்டிக்கரில் இரண்டுக்கும் ஒரே எண்! ஜெனரேட்டருக்கும் டிராக்டருக்கும் ஜேசிபிக்கும் மணிக்கணக்கில்தான் ஆயில் மாற்றுகிறோம். காருக்கு மட்டும் ஏன் அதை மறக்க வேண்டும்? இன்று பல கார்களின் டிஸ்ப்ளே சராசரி வேகத்தைக் காட்டுகிறது. ஆயில் மாற்றிய பின் ஓடிய தூரத்தை அதால் வகுத்தால் இன்ஜின் ஓடிய மணி நேரம் தோராயமாகக் கிடைத்துவிடும். அரை நிமிட வேலை.

கார் கம்பெனிகளும் இதைச் சொல்லியே இருக்கின்றன. பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்குக் கையேட்டில் 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, எது முந்தியோ அது என்று இருக்கும். சில மாடல்களுக்கு 15,000. அதற்குச் சில பக்கங்கள் தள்ளி, கடுமையான பயன்பாட்டுக்கென்று தனி அட்டவணை உண்டு. ஹூண்டாய், கியா கையேடுகள் எதையெல்லாம் அதில் சேர்க்கின்றன? 8 கி.மீ.க்குக் குறைந்த தூரத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது, நீண்ட நேர ஐடிலிங், புழுதிச் சாலை, 32 டிகிரிக்கு மேற்பட்ட வெயிலில் நெரிசல். பல மாடல்களுக்கு அந்த அட்டவணையில் ஆயில் மாற்றும் கணக்கு பாதியாகிறது: 5,000 கி.மீ. அல்லது 6 மாதம். மணிக்கு 20 கி.மீ. சராசரியில் அது 250 மணி நேரம். சென்னையிலும் வேலூரிலும் கோடைப் பகலில் அந்த 32 டிகிரியைத் தாண்டாத நாள் அரிது. வாடிக்கையாளர் முதல் அட்டவணையோடு நிறுத்திக்கொள்ளலாம். மெக்கானிக் இரண்டையும் படித்திருக்க வேண்டும்.

டீசலில் கதை வேறு. 2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்6 வந்த பிறகு, டீசல் கார்களின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கிறது. கரி நிறைந்ததும் அதை எரித்துத் தள்ள வேண்டும். அதற்காகப் பல இன்ஜின்களில் சிலிண்டருக்குள் தாமதமாகக் கூடுதல் டீசல் பாய்ச்சப்படுகிறது. அதில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரை நனைத்துச் சம்பில் இறங்கும். எரித்து முடிப்பதற்குள் வண்டியை அணைப்பது வாடிக்கையானால் கேஜில் ஆயில் அளவு ஏறிக்கொண்டே போகும். ஆயில் குறைந்தால் ஓடிவரும் டிரைவர், ஏறினால் கவனிப்பதில்லை. ஆயில் மேல் கோட்டைத் தாண்டி, டீசல் வாடையும் அடித்தால், ஸ்டிக்கரில் இன்னும் நாலாயிரம் மிச்சமிருந்தாலும் அன்றே மாற்றிவிட வேண்டும். அந்தக் காருக்குச் சாம்பல் குறைந்த சி2, சி3 ரகங்களில் கம்பெனி சொன்ன ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். டிபிஎஃப் கரியை எரிக்கும். ஆயிலின் சாம்பலை எரிக்காது.

எந்த ஆயில் என்பதைத் தீர்மானிக்காமல் எத்தனை கிலோமீட்டர் என்று பேசிப் பயனில்லை. ஃபோர்டு எக்கோஸ்போர்ட்டின் 1.0 எக்கோபூஸ்ட் இதற்கு நல்ல உதாரணம். மறைமலைநகரில் தயாரான கார். பல இப்போது கம்பெனி சர்வீஸை விட்டு வெளிப் பட்டறைகளுக்கு வருகின்றன. அதன் டைமிங் பெல்ட் வெளியே இல்லை, ஆயிலில் நனைந்தபடியே ஓடுகிறது. ஃபோர்டு அதற்கென்று தனித் தரம் குறித்த 5டபிள்யூ-20 ஆயிலைச் சொல்கிறது. தரம் தெரியாத ஆயிலை ஊற்றினாலோ, பெட்ரோல் கலந்த ஆயிலை நெடுநாள் விட்டாலோ பெல்ட்டின் ரப்பர் ஊறி உதிரத் தொடங்கும். உதிர்ந்த துகள் சம்பில் உள்ள ஸ்டிரெய்னர் வலையில் கறுப்பு மாவாக அப்பி, பம்ப்புக்குப் போகும் வழியை அடைக்கும். ஆயில் லைட் எரியும்போது டர்போவும் பேரிங்கும் பட்டினியில் இருக்கும். கிலோமீட்டர் கணக்கைச் சரியாகப் பின்பற்றிய காரிலும் இது நடக்கலாம், ஆயில் தவறானால்.

ஆயிலின் நிறத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வதையும் விட வேண்டும். டீசல் காரில் புது ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். கரியைத் தன்னுள் பிடித்து மிதக்கவிடும் வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது என்று பொருள். வாடிக்கையாளர் கேஜைத் துடைத்துக் காட்டி ‘கறுத்துப்போச்சே அண்ணே’ என்று கேட்கும்போது, அதை எடுத்துச் சொல்லாமல் புது கேனைத் திறப்பது நேர்மையான வியாபாரம் அல்ல.

பில்லில் ஆயிலின் பிராண்டு, கிரேடு, தரக் குறியீடு, தேதி, கிலோமீட்டர் ஐந்தையும் எழுதித் தருவது சிறு பட்டறைகளிலும் கட்டாயமாக வேண்டும். 1997 முதல் 2002 வரை தயாரான டொயோட்டாவின் சில இன்ஜின்களில் ஆயில் கெட்டிப்பட்டுக் கசடாவதாக அமெரிக்காவில் புகார்கள் குவிந்தன. 2002-ல் நிறுவனம் 8 ஆண்டு வரை பழுது பார்த்துத் தர முன்வந்தபோது, ஆயில் மாற்றியதற்கான சான்று கேட்கப்பட்டது. துண்டுச் சீட்டில் ‘ஆயில் சர்வீஸ்’ என்று மட்டும் எழுதி வாங்கியவரால் எதை நிரூபிக்க முடியும்?

கடைசியாக, வடித்த ஆயில். 2016-ன் அபாயகரக் கழிவு விதிகளின்படி அது அபாயகரக் கழிவு. 2024 ஏப்ரல் 1 முதல், பழைய ஆயிலை மறுசுழற்சிக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு உற்பத்தியாளர்கள், இறக்குமதியாளர்கள் மீதும் வந்திருக்கிறது. ஆனாலும் சென்ட்ரிங் பலகையில் தடவுவதற்கென்று டின் டின்னாகக் கேட்டு வாங்கிப்போவது தொடர்கிறது. லூஸ் ஆயிலாகத் திரும்பி, வேறொரு காரின் சம்புக்கே வரும் அபாயமும் இருக்கிறது. டிரம்மை மூடிக் கூரைக்குள் வைத்து, எத்தனை லிட்டர் சேர்ந்தது என்று குறித்து, பதிவு பெற்ற சேகரிப்பாளரிடம் மட்டுமே கொடுத்து ரசீது வாங்க வேண்டும். தேவையில்லாமல் 3,000-லும் 4,000-லும் ஆயில் மாற்றுவதை நிறுத்தினால் அந்த டிரம் நிறையவும் நாளாகும்.