திருச்சி வானமும் என் லேப்டாப்பும்: ‘ஆட்டோ ஸ்டார்ட்’டைத் தொடாதீங்க

வீட்டு சிமுலேட்டரில் விமானம் ஓட்டுறவங்க நம்ம ஹாஸ்டலிலேயே நாலைஞ்சு பேர் இருக்கீங்க. என்ன செய்வீங்கன்னு எனக்குத் தெரியும், நானும் அதையேதான் செய்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் 737-ஐ நேரா ரன்வேயிலேயே எடுத்து, த்ராட்டிலை முழுசாத் தள்ளி, மலைக்கோட்டைக்கு மேல ஒரு ரவுண்டு. முடிஞ்சா காவிரிப் பாலத்துக்குக் கீழே நுழைந்து ஒரு ஸ்க்ரீன்ஷாட். ஜாலிக்குச் செய்தால் தப்பே இல்லை. அதை வைத்து “எனக்கு ஃப்ளைட் ஓட்டத் தெரியும்”னு ஊரில் சொல்லிக்கிட்டுத் திரிந்ததுதான் என் தப்பு.

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை. லீவுக்கு ஊரில், குன்றாண்டார்கோவிலில் இருந்தேன். அன்று மாலை 5.40-க்குத் திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ஐஎக்ஸ் 613-இல் ஹைட்ராலிக் கோளாறு. சுமார் 140 பயணிகளோடு அந்த 737 இரண்டரை மணி நேரம் நம்ம பக்கத்து வானத்திலேயே சுற்றியது. பொரி கடலையைக் கையில் வைத்துக்கொண்டு வீடே டிவி முன்னாடி உட்கார்ந்திருந்தது. மாமா கேட்டார்: “ஏன் மாப்ள, எண்ணெயை மேலேயே கொட்டிட்டு எறங்க வேண்டியதுதானே? நீதான் கம்ப்யூட்டர்ல ஓட்றவனாச்சே, சொல்லு.” நான் கொஞ்சம்கூட யோசிக்கலை. “ஆமா மாமா, இப்ப கொட்டிடுவாங்க.”

கொட்டவில்லை. எட்டேகால் வாக்கில் விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. எல்லோரும் கைதட்டினாங்க. நான் ரூமுக்குப் போய் லேப்டாப்பைத் திறந்து, 737-இன் தலைக்கு மேலே இருக்கும் பேனலில் எரிபொருளை வெளியேற்றும் ஸ்விட்சைத் தேடினேன். கால் மணி நேரம் தேடினேன். இல்லை. 747, 777 மாதிரிப் பெரிய விமானங்களில் அந்த வசதி உண்டு, 737-இல் கிடையவே கிடையாது. எரித்துத்தான் தீர்க்கணும். அதற்குத்தான் அந்த இரண்டரை மணி நேரம். நூறு மணி நேரத்துக்கு மேல் ‘ஓட்டிய’ எனக்கு இது தெரியாமல் போனதற்கு ஒரே காரணம், அந்த பேனலை நான் நிமிர்ந்தே பார்த்ததில்லை. கண்ட்ரோலையும் ஈ-யையும் சேர்த்து அழுத்தினால் எஞ்சின் தானாக ஸ்டார்ட் ஆகும்போது யார் பார்ப்பாங்க?

அதனால்தான் சொல்றேன். ஒரே ஒரு தடவை, எல்லாம் அணைந்து இருட்டாக நிற்கும் விமானத்திலிருந்து தொடங்குங்க. முதலில் பேட்டரி. பிறகு வாலில் இருக்கும் குட்டி எஞ்சினான ஏபியு, அதிலிருந்து கரண்ட். ஐஆர்எஸ் குமிழ்களை ‘நேவ்’க்குத் திருப்பினால், விமானம் தான் எங்கே நிற்கிறோம் என்று கண்டுபிடிக்கச் சில நிமிடம் எடுத்துக்கொள்ளும், காத்திருக்கணும். எஃப்எம்சியில் வி-ஓ-டி-ஆர் என்று திருச்சியின் குறியீடு, பாதை, எடை, எரிபொருள் எல்லாம் கொடுக்கணும். எஞ்சின் ஸ்டார்ட்டில் ஏசி பேக் இரண்டையும் அணைக்கணும், ஏன்னா ஏபியுவின் காற்று முழுக்க ஸ்டார்ட்டருக்கு வேணும். என்2 25 சதவீதம் வந்த பிறகுதான் எரிபொருள் லீவரைத் தூக்கணும். முதல் தடவை எனக்கு ஐம்பது நிமிடம் ஆச்சு. ஃப்யூயல் பம்ப்பைப் போட மறந்திருந்தேன்.

அடுத்த வாரம் ஹாஸ்டலுக்கு வந்ததும், அன்றைய இரவு மாதிரியே ஒன்றைச் செய்து பார்த்தேன். மொத்த எடை 71 டன். 737-800 சுமார் 79 டன் வரை மேலே ஏறலாம், ஆனால் இறங்க சுமார் 66 டன்தான். மேலே போனதும் ஹைட்ராலிக் ‘ஏ’ சிஸ்டத்தைச் செயலிழக்க வைத்தேன். மெக்கானிக்கல் பசங்க கவனிங்க: ஒரே ஒரு 3000 பிஎஸ்ஐ லைன் போனால் என்னென்ன போகுதுன்னு பாருங்க. சக்கரத்தை இறக்கும் வழக்கமான வழி, மூக்குச் சக்கரத்தின் ஸ்டியரிங், ஸ்பாய்லர்களில் ஒரு பகுதி, ஆட்டோபைலட் ‘ஏ’. ஃப்ளாப் மட்டும் வேலை செய்யும், ஏன்னா அது ‘பி’யில் இருக்கு. எதை எதோடு சேர்க்கக் கூடாது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்காங்க. செமஸ்டர் பேப்பரில் பதினாறு மார்க்குக்கு எழுதிய சர்க்யூட் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

முதல் முயற்சியில் கீரனூர் பக்கம் வயலில் விழுந்தேன். ரூம்மேட் தூங்கினதால் சவுண்டை அணைத்து வைத்திருந்தேன், ஆட்டோபைலட் கழன்ற சைரன் கேட்கவில்லை. சக்கரத்தைக் கையால் இறக்கும் மூன்று கைப்பிடிகள் வலது சீட்டுக்குப் பின்னால் தரையில் ஒரு மூடிக்குள் இருக்கு. அது தேவைப்படுவது இறங்கப் போகும்போதுதான். நான் பதற்றத்தில் உடனே கேமராவைத் திருப்பி அதைத் தேடிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது ஜன்னல் முழுக்கத் தரை.

இரண்டாவது தடவை ஆட்டோபைலட் ‘பி’யைப் போட்டேன். மணிக்கு இரண்டரை டன் வீதம் எரிய, இரண்டு மணி நேரம் சும்மா வட்டம். வேகத்தை 4 மடங்காக்கும் வசதி இருக்கு, விரல் அங்கேயே போகும். தயவுசெய்து அழுத்தாதீங்க. எங்க ஊருக்கு மேலே ஏழெட்டுத் தடவை போனேன். பல்லவர் காலத்துக் குடைவரை இருக்கும் பாறையும், கல் சக்கரம் வைத்த தேர் மண்டபமும் சிமுலேட்டரில் இல்லை, வெறும் பழுப்புத் திட்டு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான் அடுத்து என்ன தப்பாகலாம்னு தோண ஆரம்பிக்குது. ஃப்ளாப் எவ்வளவு, ரிவர்ஸர் ஒரு பக்கம் மெதுவாகத் திறந்தால் என்ன செய்வது, 2480 மீட்டர் ரன்வே போதுமா. பேப்பரில் எழுதி வைத்தேன்.

இதனால் நமக்கு பைலட் வேலை தெரிந்துவிடாது. என் சேரில் ஆட்டம் இல்லை, பின்னால் 140 பேர் இல்லை, கைநழுவினால் மறுபடி லோட் பண்ணிக்கலாம். ஆனால் டிவி முன்னாடி எதைச் சொல்லக் கூடாதுன்னு தெரியும். இறங்கினது முக்கால் மணிக்கு முன்னாடிதான் இறங்கியிருக்கணும்னு பேசின வாட்ஸ்அப் நிபுணர்களில் நானும் ஒருத்தனாக இருந்திருப்பேன்.

“யோக் வாங்கணும், பெடல் வாங்கணும், கிராஃபிக்ஸ் கார்டு வாங்கணும்”னு தள்ளிப்போடுறவங்களுக்கு ஒன்று. ஃப்ளைட்கியர் இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். செக்லிஸ்ட்டை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்கப் பத்து ரூபாய்கூட ஆகாது.

மாமாவிடம் தீபாவளிக்குப் போனபோது உண்மையைச் சொன்னேன். “அப்ப அன்னிக்குத் தெரியாமத்தான் சொன்னியா?” என்றார். பிறகு லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, “சரி, அந்தப் பேட்டரி ஸ்விட்ச் எங்க இருக்கு, காட்டு” என்றார்.