பட்டம் பெறாத பேராசிரியர்

எங்கள் எதிர்வீட்டு அம்மாளின் மகளுக்குக் காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக் கழகத்தில் எம்.ஏ. படிக்க இடம் கிடைத்தது. தெருவிலுள்ள வீடுகளுக்கெல்லாம் லட்டு கொடுத்துவிட்டுக் கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தார் அந்த அம்மாள்.

"ஏன் தம்பி, நீங்கள் பத்திரிகையில் எழுதுகிறவர். இந்தச் சர்வகலாசாலையில் படித்தவர்கள், பாடம் சொன்னவர்கள் என்று பெரிய மனிதர்கள் யார் யார் இருக்கிறார்கள், சொல்லுங்களேன். என் நாத்தனார் கேட்டால் நான் பதில் சொல்ல வேண்டாமா?" என்றார்.

நாத்தனார் கேட்கும் கேள்விக்குப் பதில் இல்லாமல் நிற்பது எவ்வளவு சங்கடம் என்பது நம் வாசக சகோதரிகளுக்குத் தெரியாததல்ல. ஆகவே, லட்டைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தேன். முதலில் நினைவுக்கு வந்த பெயரைச் சொன்னேன்.

"கி. ராஜநாராயணன் என்று ஒருவர் அங்கே பேராசிரியராக இருந்தார், அக்கா. ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவர்."

அந்த அம்மாளின் முகம் வாடிவிட்டது. "ஏழாம் வகுப்பா? நான்கூட எட்டு வரைக்கும் படித்தேனே, தம்பி!"

அந்த ஒரு வார்த்தைதான் இந்த வாரம் என்னை எழுத வைத்தது.

* * *

நேயர்களே, என்னோடு பஸ்ஸில் ஏறிக்கொள்ளுங்கள். புதுச்சேரியிலிருந்து கடற்கரைச் சாலையோடு வடக்கே போனால் முதலில் கருவடிக்குப்பம் வரும். அதைத் தாண்டினால் கோட்டக்குப்பம். அது தமிழ்நாடு. இன்னும் சிறிது தூரம் போனால் மறுபடியும் புதுச்சேரி வந்துவிடும், அதுதான் காலாப்பட்டு. பிரெஞ்சுக்காரர்கள் எல்லை வகுத்த விநோதம் அப்படி! அவர்கள் போய் எத்தனையோ காலம் ஆகியும் பஸ் மட்டும் இன்னும் எல்லை தாண்டித் தாண்டித்தான் போய்க்கொண்டிருக்கிறது.

காலாப்பட்டில் கடலைப் பார்த்தபடி ஏறக்குறைய 800 ஏக்கர் நிலத்தில் பரந்து கிடக்கிறது பல்கலைக் கழகம். 1985இல் பாராளுமன்றம் சட்டம் செய்து ஏற்படுத்திய மத்தியப் பல்கலைக் கழகம் அது. காரைக்காலிலும் அதற்கு ஒரு கிளை உண்டு.

உள்ளே போனால் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். அங்குள்ள பெரிய நூலகத்துக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயரை வைத்திருக்கிறார்கள். தமிழ் கற்பிக்கும் புலத்துக்கு சுப்பிரமணிய பாரதியின் பெயர். நாடகம் கற்பிக்கும் பள்ளிக்கு சங்கரதாஸ் சுவாமிகளின் பெயர். மூன்று பேரும் புதுவையோடு சம்பந்தப்பட்டவர்கள். பிள்ளை இங்கே துய்ப்ளேக்சுக்குத் துபாஷியாக இருந்து, 1736ஆம் ஆண்டு முதல் தம் நாட்குறிப்பை எழுதினார். பாரதி 1908 முதல் 1918 வரையில் இங்கே அடைக்கலம் புகுந்திருந்தார். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' போன்ற நாடகங்களை எழுதி, பையன்களைக் கொண்டு நாடகக் கம்பெனி நடத்திய சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் இங்கேதான் காலமானார். நம் பஸ் கடந்து வந்த கருவடிக்குப்பத்தில் அவருடைய சமாதி இருக்கிறது.

இந்த மூவரில் ஒருவர்கூடக் கல்லூரிப் பட்டம் வாங்கியவரில்லை! பட்டம் வழங்கும் ஸ்தாபனம், பட்டமில்லாதவர்களின் பெயரைத் தன் வாசல்களில் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறது. ஆனாலும் காலமானவர்களின் பெயரை வைப்பது சுலபம். கண்ணெதிரே இருக்கும் ஒரு விவசாயியைக் கூப்பிட்டுப் பேராசிரியர் நாற்காலியில் உட்கார வைப்பதற்குத்தான் துணிச்சல் வேண்டும்.

* * *

பட்டம் பெற்ற பெரியவர்களுக்கும் அங்கே குறைவில்லை. அவர்களையும் சொல்லிவிடுகிறேன், எதிர்வீட்டு அம்மாளின் நாத்தனாருக்கு உதவும்.

நாடகப் பள்ளியை முதலில் அமைத்து நடத்தியவர் இந்திரா பார்த்தசாரதி. தம் மனைவியின் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டவர் என்பதால் உங்களுக்கு அவரிடம் தனிப் பிரியம் உண்டாகலாம். கும்பகோணத்துக்காரர். டில்லியில் பல ஆண்டுகள் தமிழ் கற்பித்து, போலந்து நாட்டின் வார்சாவிலும் கற்பித்துவிட்டுப் புதுவைக்கு வந்தார். 'குருதிப்புனல்' நாவலுக்கு 1977இல் சாகித்திய அகாதமிப் பரிசும், 'ராமானுஜர்' நாடகத்துக்கு 1999ஆம் ஆண்டின் சரஸ்வதி சம்மானும் பெற்றார்.

அதே பள்ளியில் பேராசிரியராக இருந்தவர் கே.ஏ. குணசேகரன். சிவகங்கைச் சீமையில் மாரந்தை என்னும் கிராமத்தில், தீண்டாமையின் கொடுமையை அனுபவித்து வளர்ந்தவர். கணீரென்ற குரல் அவருக்கு. கவிஞர் இன்குலாபின் 'மனுசங்கடா' பாடலை அவர் பாடிக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். 'பலி ஆடுகள்' என்ற நாடகத்தையும், 'வடு' என்ற தன்வரலாற்றையும் எழுதினார். 2016இல் புதுவையில் காலமானார்.

அங்கே நாடகம் படித்தவர்களில் வேலு சரவணனைச் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கென்றே நாடகக் குழு அமைத்து, 'கடல் பூதம்' முதலிய நாடகங்களை ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டு போனவர் அவர்.

இனி நம் ஏழாம் வகுப்புப் பேராசிரியரிடம் வருவோம்.

* * *

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்று ஒரு சின்னக் கரிசல் கிராமம். கி.ரா. என்று எல்லோரும் அழைக்கும் ராஜநாராயணன் அங்கே பிறந்தார். அவருடைய பால்ய சிநேகிதர் கு. அழகிரிசாமிக்கும் அதுதான் ஊர். பிற்காலத்தில் இருவருக்குமே சாகித்திய அகாதமிப் பரிசு கிடைத்தது. எத்தனையோ பட்டணங்களுக்கு இல்லாத பாக்கியம் அந்தக் கிராமத்துக்கு!

கி.ரா. நோயாளிப் பிள்ளை, பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. சம்சாரியாக நிலத்தில் உழைத்தார். விவசாயிகளுக்காகப் போராடிச் சிறைக்கும் போனார். முதல் கதை 1958இல் பத்திரிகையில் வந்தபோது அவருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. நாற்பதை நெருங்கும் சகோதரிகள் எவரேனும், "இனிமேல் நாம் என்ன செய்யப் போகிறோம்!" என்று பெருமூச்சு விட்டால் இதை ஞாபகப்படுத்திக்கொள்ளலாம்.

அவருடைய 'கதவு' என்ற சிறுகதையை நீங்கள் படித்திருக்கக் கூடும். ஏழை வீட்டுக் குழந்தைகள் வீட்டுக் கதவில் தொற்றிக்கொண்டு ரயில் விளையாட்டு விளையாடுகிறார்கள். தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவையே கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். கதை அவ்வளவுதான். படித்து முடித்தபின் வீட்டுக் கதவைச் சாத்தும்போது கை ஒரு நிமிஷம் தயங்கும்.

'கோபல்ல கிராமம்' என்ற அவருடைய நாவல் 1976இல் வெளிவந்தது. தெலுங்கு தேசத்திலிருந்து தப்பி ஓடி வந்த ஒரு கூட்டம் கரிசல் காட்டில் குடியேறிய வரலாறு அது. அந்த வரலாற்றை நாவலில் சொல்வது யார் தெரியுமா? மங்கத்தாயாரு என்ற தொண்டு கிழவி! எழுதப் படிக்கத் தெரியாத பூட்டியின் ஞாபகத்தில்தான் ஒரு கிராமத்தின் சரித்திரமே பத்திரமாக இருக்கிறது. அதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்குத்தான் 1991இல் அகாதமிப் பரிசு கிடைத்தது.

இதற்கிடையில் இன்னொரு காரியமும் செய்தார். தம் வட்டாரத்து ஜனங்கள் பேசும் சொற்களைச் சேர்த்து, 1982இல் ஓர் அகராதியே வெளியிட்டுவிட்டார். கற்றறிந்தவர்கள் 'கொச்சை' என்று ஒதுக்கிய சொற்கள் அவை. பெரிய ஸ்தாபனங்கள் செய்ய வேண்டிய வேலையை, நண்பர்களின் துணையோடு ஒரு சம்சாரி கிராமத்தில் உட்கார்ந்து செய்து முடித்தார்.

புதுவைப் பல்கலைக் கழகத்தின் முதல் துணைவேந்தர் வேங்கடசுப்பிரமணியன் இதையெல்லாம் கவனித்திருக்கிறார். 1980களின் இறுதியில், அறுபது வயதைக் கடந்துவிட்ட கி.ரா.வை, நாட்டுப்புறவியலுக்கு வருகைதரு பேராசிரியராக அழைத்துக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தில் மழைக்கு ஒதுங்கியவன் என்று தம்மைத் தாமே கேலி செய்துகொள்ளும் மனிதர், எம்.ஏ. படித்த பிள்ளைகளுக்கு என்ன கற்றுக் கொடுத்திருக்க முடியும் என்று கேட்கிறீர்களா?

கேட்பதற்குக் கற்றுக் கொடுத்தார்.

கிராமத்துக் கிழவியிடம் கதை கேட்பது சுலபம் என்று நாம் நினைக்கிறோம். "பாட்டி, கதை சொல்லு" என்று காகிதமும் பேனாவுமாகப் போய் நின்றால், "போடா, எனக்கு என்ன கதை தெரியும்!" என்றுதான் பதில் வரும். பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக் கொடுத்து, நாம் ஒரு கதையை அரைகுறையாகச் சொல்லத் தொடங்கினால், "அது அப்படி இல்லை" என்று தானாகவே ஆரம்பித்துவிடுவாள். அப்போதும் குறுக்கே பேசக் கூடாது. சொல்லைத் திருத்தக் கூடாது. "பொம்பளை" என்றால் "பொம்பளை". அதைப் "பெண்மணி" ஆக்கினால் கதை செத்துப்போகும். சொன்னவர் யார், எந்த ஊர், யாரிடம் கேட்டது என்று குறித்துக்கொள்ள வேண்டும். இதுதான் அந்தப் படிப்பின் பாலபாடம்.

புதுவை வட்டாரத்துக் கிராமங்களின் கதைகள் இவ்வாறு சேகரிக்கப்பட்டுப் புத்தகமாயின. பெரியவர்கள் தங்களுக்குள் ரகசியமாகச் சொல்லிச் சிரிக்கும் கதைகளைக்கூட அவர் விடவில்லை. அவற்றை 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று எச்சரிக்கையாகத் தலைப்பிட்டு வெளியிட்டார். அந்தப் புத்தகத்தை அலமாரியின் மேல்தட்டில் வைக்கிறவர்கள் வைக்கட்டும். ஆனால் இருப்பது இருக்கிறபடி பதிவாக வேண்டும் என்பது அவர் கட்சி.

வேலை முடிந்த பின்னும் அவர் கரிசல் காட்டுக்குத் திரும்பவில்லை. புதுவை லாஸ்பேட்டையில் மனைவி கணவதி அம்மாளோடு குடியிருந்தார். அந்த அம்மாள் 2019இல் மறைந்தார். 2021ஆம் ஆண்டு மே 17ஆம் தேதி கி.ரா.வும் காலமானார். உடலை இடைசெவலுக்குக் கொண்டு போய், தமிழ்நாட்டு அரசு தன் மரியாதையோடு வழியனுப்பி வைத்தது.

* * *

இது நம் ஊரில் மட்டும் நடந்த கதையல்ல. ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் என்று இருவர் இருந்தார்கள். 1812இல் அவர்களுடைய கதைத் தொகுதியின் முதல் பாகம் வெளிவந்தது. உலகத்துக் குழந்தைகள் எல்லாம் இன்று படிக்கும் கதைகள் அவை. இரண்டு பேரும் பெரிய பண்டிதர்கள். ஆனால் அவர்களுக்கு நாற்பது கதைகள் போலச் சொன்னவள் டோரோதியா வீமான் என்ற தையற்காரன் மனைவி. காசல் நகரத்துக்குக் காய்கறி விற்க வந்தவள்! கிரிம் என்ற பெயர் எல்லோருக்கும் தெரிகிறது. காய்கறிக்காரியின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆனாலும் அவர்கள் அவளைக் கேட்டு எழுதி வைத்தார்கள். கேட்காமல் விட்டிருந்தால் பெயரோடு கதையும் போயிருக்கும்.

இந்த இடத்தில் என் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

என் அப்பாவின் அம்மா ஒரு கதை சொல்வாள். மாமியாருக்குப் பயந்த ஒரு மருமகள். மனத்தில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்ல முடியாதபோதெல்லாம் முந்தானையில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வாள். இப்படி ஏழு முடிச்சு ஆகிவிட்டது. ஒருநாள் சேலையைத் துவைக்கப் போட்டபோது, மாமியார் சந்தேகப்பட்டு ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்கிறாள். முதல் முடிச்சிலிருந்து ஒரு கைப்பிடிச் சோறு விழுகிறது. இரண்டாவதிலிருந்து ஒரு துளிக் கண்ணீர். மூன்றாவதிலிருந்து பிறந்த வீட்டுக் கன்றுக்குட்டியின் குரல். நான்காவதில் ஒரு பாட்டு...

ஐந்தாவது முடிச்சில் என்ன இருந்தது? எனக்கு மறந்துவிட்டது! கதை எப்படி முடிந்தது என்பதும் நினைவில்லை. அம்மாவைக் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. நான் கல்லூரியில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் பாட்டி வாசல் திண்ணையிலேயேதான் உட்கார்ந்திருந்தாள். எத்தனையோ அரசர்கள் பட்டத்துக்கு வந்த வருஷங்களை எழுதி எழுதி மனப்பாடம் செய்தேன். பத்தடி தூரத்தில் இருந்தவளிடம் போய் ஒரு கதையை எழுதிக்கொள்ளத் தோன்றவில்லை. எனக்குப் பட்டம் கிடைத்தது, பாட்டி போய்விட்டாள்.

எதிர்வீட்டு அம்மாளிடம் இதைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கள் அம்மாவுக்குக்கூட ராத்திரியெல்லாம் சொல்கிற மாதிரி கதை தெரியும். இந்தப் பெண் போனைப் பார்த்துக்கொண்டே 'உம்' கொட்டுகிறாள்" என்றார்.

"அந்தப் போனிலேயே பதிவு செய்யச் சொல்லுங்கள், அக்கா. காலாப்பட்டுக்குப் போகும் முன்பே படிப்பு தொடங்கிவிடும்" என்றேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் பட்டம் பெறாத பேராசிரியர் ஒருவர் இருப்பார். அடுக்களையில் இருக்கலாம்; கட்டிலோடு கிடக்கலாம்; சொன்னதையே சொல்கிறார் என்று நீங்கள் சலித்துக்கொண்டிருக்கலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் அவர் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். அவர் பெயரை முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

முந்தானை முடிச்சுக் கதை உங்களில் யாருக்காவது தெரிந்திருந்தால், தயவு செய்து எனக்கு எழுதுங்கள். ஐந்தாவது முடிச்சில் என்ன இருந்தது?