நிழல் கறுப்பல்ல

நம்மவர்கள் மத்தியில் ஓவியம் பற்றிப் பேச்செழுந்தால் இரண்டு தீர்ப்புகள் தவறாமல் வந்து விழும். "மனப்பதிவுவாதிகளா? வயிறு நிறைந்தவர்கள், ஆற்றங்கரையில் குந்தியிருந்து வெயிலை வரைந்தவர்கள்" என்பது ஒன்று. "கோடு போடத் தெரியாததை வர்ணத்தை அப்பி மறைத்தார்கள்" என்பது மற்றது. முதலாவதை முற்போக்கு நண்பர்கள் சொல்வார்கள்; இரண்டாவதை என்போன்ற ஆசிரியர்கள் சொல்வார்கள். இரு சாராருமே படத்தைப் பாராமல் தீர்ப்பு எழுதுகிறார்கள் என்பதே எனது குற்றச்சாட்டு.

ஓர் ஓவியத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். குளோட் மொனே 1868இல் வரைந்த 'ஸீன் நதிக்கரையில், பென்கூர்'. இன்று அது சிக்காகோ கலை நிறுவகத்தில் இருக்கிறது. நான் அதை அச்சுப் பிரதியில் மாத்திரமே கண்டவன். பிரான்ஸின் ஒரு கிராமம். மரநிழலில் புற்றரை மீது ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். கரையோரம் ஓடம். அக்கரையில் வீடுகள். கதை என்று தேடினால் இவ்வளவுதான்.

ஆனால் ஆற்றைப் பாருங்கள். அக்கரை வீட்டின் பெரும்பகுதியை இக்கரை மரத்தின் இலைகள் மறைத்து நிற்கின்றன. நேரே பார்த்தால் தெரியாத அந்த வீடு, நீரில் விழுந்த பிம்பமாக நமக்குத் தெரிகிறது. இது ஓவியரின் கற்பனைச் சேட்டையல்ல. வீட்டிலிருந்து நேராக வரும் ஒளியை இலைகள் தடுக்கின்றன. நீரில் பட்டுத் திரும்பும் ஒளியோ இலைகளுக்குக் கீழால் நுழைந்து கண்ணை வந்தடைகிறது. குளத்தங்கரையில் நின்று எவரும் சோதித்துப் பார்க்கலாம். வீட்டை அறிந்தவன் வீட்டை வரைந்திருப்பான். மொனே தனக்குத் தெரிந்ததையல்ல, கண்டதை வரைந்தார். தண்ணீர் நீலம் என்பது நமது மனப்பாடம். இங்கே தண்ணீருக்குச் சொந்த நிறமே இல்லை. சுவரிடமும் வானத்திடமும் கடன் வாங்கிய நிறங்கள்தாம் அதன்மீது தட்டைத் தட்டையாகக் கிடக்கின்றன. இதையா கைத்திறன் இல்லாதவன் வேலை என்கிறீர்கள்?

1874இல் இந்த ஓவியர்கள் பரிஸில் முதன்முறையாகக் கூடிக் காட்சி வைத்தபோது லூயி லெருவா என்ற பத்திரிகையாளர் 'மனப்பதிவு' என்ற சொல்லை வைத்து அவர்களை நையாண்டி செய்தார். அந்தச் சொல்லே அவர்களுக்குப் பெயராகி நின்றுவிட்டது. அவரது சிரிப்பைத்தான் நாம் இன்றும் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

இனி, வயிறு நிறைந்தவர்கள் என்ற கதை. 1868 ஜூன் மாதம் மொனே தமது சிநேகிதரான ஓவியர் பஸீலுக்கு ஒரு கடிதம் எழுதினார். தங்கியிருந்த விடுதியிலிருந்து துரத்தப்பட்டதை அதில் அறிவித்திருந்தார். கையில் காசில்லை. கூட இருந்தவர்கள் துணைவி கமீலும் ஒரு வயதும் நிரம்பாத மகனும். மரநிழலில் அமர்ந்திருக்கும் பெண் அந்தக் கமீல்தான் என்பர். வறுமையை ஓவியத்துக்குச் சான்றிதழாக நான் காட்டவில்லை. பட்டினி கிடந்தவன் வரைந்தாலும் மோசமான படம் மோசமானதே. ஆற்றில் உழைத்தவர்கள் இப்படத்தில் இல்லை என்ற விமர்சனத்திலும் நியாயமுண்டு. ஆனால், இல்லாததைக் கேட்குமுன் இருப்பதைப் பார்க்கவேண்டாமா?

இவ்வளவு சூடாக நான் எழுதுவதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. ஆசிரிய கலாசாலையில் எனக்குச் சித்திரம் கற்பித்தவர், நிழலென்றால் கறுப்பைக் கலக்கு என்றார். நானும் வருடக்கணக்காக அதையே பிள்ளைகளுக்கு ஓதினேன். ஒருமுறை ஆறாம் தரத்துச் சிறுமி ஒருத்தி, சுண்ணாம்பு பூசிய மதிலில் விழுந்த நிழலை நீலத்தில் தீட்டிக் கொண்டுவந்தாள். "நிழல் நீலமா?" என்று கேட்டு, சிவப்புப் பேனையால் பிழை போட்டேன். "அப்படித்தான் சேர் தெரிஞ்சது" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பல வருடங்களுக்குப் பின்னர் மொனேயின் 'மக்பை' ஓவியத்தின் பிரதியைக் கண்டேன். பென்கூரை வரைந்த அதே ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கிய பனிக்காலத்தில் வரைந்தது. படலையில் ஒற்றைப் பறவை; வெண்பனியில் வேலியின் நிழல். அந்த நிழல் நீலம்! வெயில் படாத இடத்திலும் வானத்தின் ஒளி விழுகிறது. வெள்ளைப் பரப்பு அதை ஒளிக்காமல் காட்டிவிடுகிறது. சுண்ணாம்பு மதிலும் அதையேதான் செய்தது. 1869இல் பரிஸின் சலோன் நடுவர்கள் அந்த ஓவியத்தை நிராகரித்தார்கள். அவர்களது கையிலும் எனது சிவப்புப் பேனைதான் இருந்திருக்க வேண்டும்.

ஆகவே, ஒளியை வரைவது வீண்வேலை என்போரிடம் நான் கேட்பது இதுதான்: கண்முன்னால் நிற்கும் மதிலின் நிறத்தையே சொல்லிக்கொடுத்தபடி பார்க்கும் பிள்ளை, நாளை தன் ஊரில் நடப்பதை மட்டும் தன் கண்ணால் பார்க்குமா? நீங்கள் கேட்கும் சமூக யதார்த்தத்தை எழுதப்போகிறவளும் அந்தப் பிள்ளைதானே?

இப்போது சித்திரப் பாடத்தில் பிள்ளைகளைப் பாடசாலை முற்றத்துக்கு அழைத்துப் போகிறேன். நிழலின் நிறத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்கிறேன். ஊதா என்கிறார்கள், பச்சை என்கிறார்கள், சண்டையும் பிடிக்கிறார்கள். எவருக்கும் நான் பிழை போடுவதில்லை. மறுபடி பார் என்று மட்டும் சொல்கிறேன். அந்தச் சிறுமியின் கொப்பியில் போட்ட பிழையைத்தான் இனி அழிக்க முடியாது.

எனக்கு மறுப்பு எழுத விரும்பும் நண்பர்கள் தாராளமாக எழுதலாம். எழுதுமுன் ஒரு மாலைப்பொழுதில் ஆற்றங்கரைக்குப் போய், தண்ணீரின் நிறம் என்னவென்று பார்த்துவிட்டு வாருங்கள்.