‘பதினெட்டு முடியட்டும், வா’

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஊதிய வரையறையில் 50 விழுக்காட்டு வரம்பு, குறித்த காலப் பணியாளருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை என்று நம் வட்டாரத்தில் பேச்செல்லாம் பெரிய விஷயங்களைச் சுற்றியே நடக்கிறது. 29 சட்டங்களை மடித்து நான்காக்கியவர்கள் 1986-ஆம் ஆண்டின் குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டத்தைத் தொடாமல் வெளியே விட்டதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஜவுளிக்கடையிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் வேலை கேட்டு வரும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு ‘பதினெட்டு முடியட்டும், வா’ என்ற பதில் கிடைப்பதற்கு அந்தச் சட்டம் விதித்த தடை காரணமில்லை. அது தந்த அனுமதியைப் பயன்படுத்த முடியாதபடி வைத்திருப்பதே காரணம் என்பது இந்த இதழின் நிலைப்பாடு.

2016 திருத்தத்துக்குப் பிறகு 14 முடிந்து 18 முடியாதவர்களுக்கு மூடப்பட்டவை சுரங்கம், எரியக்கூடிய பொருட்கள், வெடிபொருட்கள், அபாயகரமான செயல்முறைகள் ஆகியவை மட்டுமே. கடை அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் பிரிவு 7 வகுக்கும் நேரக் கணக்கைக் கடையின் நாளோடு பொருத்திப் பார்க்க வேண்டும். தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, பிறகு ஒரு மணி நேர இடைவேளை, இடைவேளையும் சேர்த்து மொத்தம் ஆறு மணி நேரம், மாலை 7 முதல் காலை 8 வரை வேலையே கூடாது, மிகைநேரமும் கிடையாது. காலை 10 மணிக்கு வந்தால் 1 மணி வரை வேலை, 2 மணிக்குத் திரும்பினால் 4 மணியோடு முடிந்தது. கடைக்கு ஆள் வேண்டியிருப்பதோ விளக்குப் போட்ட பிறகு. ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் கல்லா நிறைவது ஏழு மணிக்கு மேல்தான். போதாக்குறைக்கு, 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் ‘இளம் நபர்’ என்பதைப் பதினேழு வயதோடு முடித்துக்கொண்டு, நாளுக்கு 7 மணி, வாரத்துக்கு 42 மணி என்று வேறொரு கணக்குச் சொல்கிறது. சிறார் நீதிச் சட்டத்துக்கோ பதினெட்டுக்குக் கீழே எல்லாருமே குழந்தைகள். இந்த மூன்றையும் ஒரே பணி நேர அட்டவணையில் அடக்கிக் காட்டச் சொன்னால் மனிதவள மேலாளர் விளம்பரத்தில் ‘18+’ என்று போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்.

ஊதியத் தொகுப்பு இந்த முடிச்சை இன்னும் இறுக்குகிறது. நாள் கணக்கில் ஊதியம் நிர்ணயிக்கப்பட்டவர் குறைந்த நேரம் வேலை செய்தாலும் முழு நாள் ஊதியம் தரவேண்டும் என்பது பிரிவு 10-இன் பொதுவிதி. 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் வளரிளம் பருவத்தினருக்குத் தனி விகிதம் நிர்ணயிக்க வழி வைத்திருந்தது. அந்தச் சட்டம் போய்விட்ட நிலையில், ஐந்து மணி நேரமே வேலை வாங்க முடிகிற ஒருவருக்கு எது முழு நாள் என்பதை அதிகாரபூர்வமாகச் சொல்லாதவரை, எந்த முதலாளியும் துணிந்து கை வைக்க மாட்டார்.

இவை எல்லாவற்றையும்விட நம்மை உறுத்துவது பதிவேடு. வளரிளம் பருவத்தினரை வேலைக்கு வைப்பவர் 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 9-இன்படி 30 நாட்களுக்குள் ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பிரிவு 11-இன்படி பெயர், பிறந்த தேதி, வேலை நேரம், இடைவேளை, வேலையின் தன்மை ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். பாதுகாப்புக்காக எழுதப்பட்ட நல்ல விதிகள்தான். நடப்பில் அந்த அறிவிப்பை அனுப்புவது, என் கடைக்கு வாருங்கள் என்று நாமே வெற்றிலை பாக்கு வைப்பதைப் போன்றது என்று ஆலோசகர்களே கட்சிக்காரருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பதினான்கு வயதுக்குட்பட்டவரை வேலைக்கு வைத்தால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, ரூ.20,000 முதல் ரூ.50,000 வரை அபராதம், அல்லது இரண்டும். நேர விதியில் தவறினால் அதிகபட்சம் ஒரு மாதம், ரூ.10,000. சட்டம் இரண்டையும் இவ்வளவு தெளிவாகப் பிரிக்கிறது. ஆய்வு நடக்கும் விதத்தில் அந்தப் பிரிவினை தெரிவதில்லை. எத்தனை பேர் மீட்கப்பட்டார்கள் என்பதை அறிக்கையில் எழுதும் துறைக்கு, எத்தனை பேர் முறையாகப் பதிவாகி, நேரத்துக்கு வீடு திரும்பினார்கள் என்று எழுத ஒரு கட்டம்கூட இல்லையா? குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு நாளான ஜூன் 12 வந்தால் உறுதிமொழி, கதவில் ஸ்டிக்கர். பதிவேடு வைத்தவர் பயப்படுகிறார். பையனைப் பின்கட்டுக் குடோனில் நிறுத்தி, பெயரே எழுதாமல் இரவு பத்து மணி வரை மூட்டை பிரிக்க விடுபவர் நிம்மதியாக இருக்கிறார். நேர்மைக்குத் தண்டனை, மறைப்புக்குச் சலுகை என்ற இந்த ஏற்பாட்டைக் கட்டிக் காப்பதற்கா இத்தனை ஆய்வாளர்கள்?

அந்த வயதில் பள்ளியில் இருக்க வேண்டும் என்பார்கள். இருக்க வேண்டும்தான். ஆனால் கல்வி உரிமைச் சட்டத்தின் கட்டாயம் பதினான்கோடு நின்றுவிடுகிறது. பத்தாம் வகுப்போடு நின்றவரும், கோடை விடுமுறையில் கல்லூரிக் கட்டணத்துக்குச் சேர்க்க நினைப்பவரும் காற்றில் கரைந்து போவதில்லை. கதவைத் திறந்தால் சுரண்டல் பெருகும் என்பது இதைவிடக் கனமான வாதம். அதனால்தான் ஏழு மணி வரம்பைத் தளர்த்தும்படி நாம் கேட்கவில்லை. சரக்கு இறக்கிச் சரிபார்ப்பது, விலைச்சீட்டு ஒட்டுவது, அலமாரி அடுக்குவது, பகல் நேர பில்லிங் எல்லாம் நான்கு மணிக்குள் அடங்கும் வேலைகள். கடைக்காரருக்கு அது லாபமா என்று கேட்டால், மாலை நேரத்து அனுபவசாலிகளைக் காலையில் பெட்டி பிரிக்க விடாமல் காப்பாற்றுவதே லாபம்தான்.

கடைப் பணியாளர் உட்காரும் உரிமைக்காக 2021-இல் சட்டத்தைத் திருத்திய மாநிலம் இது. 24 மணி நேரமும் கடை திறக்க 2019-இல் அரசாணை போட்ட மாநிலமும் இதுவே. மனம் வைத்தால் முடியும். மாநிலச் சட்டத்தின் வயதையும் நேரத்தையும் மத்தியச் சட்டத்தோடு ஒன்றாக்குங்கள். வளரிளம் பருவத்தினருக்கு மணிக்கணக்கு ஊதியத்தை அறிவியுங்கள். பிரிவு 9 அறிவிப்புக்கு இணையத்திலேயே ஒப்புகை தாருங்கள், பதிவேடு சரியாக இருக்கும் கடையை வேறு கண்ணோடு பாருங்கள். அதுவரை நம் பங்குக்கு ஒன்று செய்யலாம்: கட்சிக்காரரின் ஆளெடுப்பு விதியில் ‘18+’ என்ற வரியைப் பழக்கத்தில் எழுதுவதை நிறுத்துவோம். சட்டம் போடாத தடையை நாம் போடவேண்டியதில்லை.