வந்து போகிறவரும் வகுப்பில் நிற்கிறவரும்



ஆங்கிலம் படிப்பிக்க வெளிநாட்டிலிருந்து தொண்டர் ஒருவர் வருகிறார் என்றால் தோட்டப் பாடசாலையில் அன்று திருவிழாதான். மாலை, தேத்தண்ணி, படம் பிடிப்பு எல்லாம் நடக்கும். சில கிழமைகளில் அவர் ஊர் திரும்பிவிடுவார். அடுத்த நாள் அந்தப் பாடவேளைக்கு வகுப்புக்குள் போவது யார் என்பதே எமது கேள்வி.

இது மலையகத்தின் கேள்வி மட்டுமல்ல. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் செட்டிபாளையம் போன்ற எழுவான்கரை ஊர்களும் இதைக் கேட்கலாம். 2004 சுனாமிக்குப் பிறகு அந்தக் கரையோரத்துக்கு எத்தனையோ தொண்டர்கள் வந்து போனார்கள். ஆனால் மட்டக்களப்புக்கு அதைவிடப் பழைய அனுபவமும் உண்டு.

1814 இல் அங்கே வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மறு ஆண்டே இறந்துபோனார். அவர் தொடக்கிய பள்ளி இன்றும் மெதடிஸ்த மத்திய கல்லூரியாக நடக்கிறது. அவருக்குப் பின் அதைப் பொறுப்பெடுத்து நடத்த ஆட்கள் இருந்ததே காரணம். 1948 இல் அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி பென் மில்லர் புனித மிக்கேல் கல்லூரியில் பணியாற்றினார். போர்க்காலத்தில் காணாமற்போனோரின் குடும்பங்களோடு நின்றார். 2019 இல் கண்மூடும்வரை மட்டக்களப்பே அவருக்கு ஊர். சமயப் பணிக்கென வந்தவர்கள்தான் இவர்கள். ஆனாலும் வேலை நிலைக்க ஒன்றில் வந்தவர் தங்க வேண்டும், அல்லது அதை எடுத்து நடத்த உள்ளூரில் ஆள் வேண்டும் என்பதை இவர்களிடம் படிக்கலாம்.

ஆங்கிலம் எமக்கு அலங்காரப் பொருள் அல்ல. துரை அனுப்பும் கடிதத்தையும் சேமலாப நிதிக் கணக்கையும் பிறர் தயவின்றி வாசிக்க எமது பிள்ளைக்கு அது வேண்டும். அத்தகைய பாடத்தை விருந்தாளியிடம் மட்டும் விட்டுவைக்க முடியாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. மலையகத்தில் நியமிக்கப்பட்ட ஆசிரிய உதவியாளர்களுக்கு முதலில் கொடுத்தது மாதம் 6,000 ரூபா. சம்பளம் கேட்காத தொண்டர் ஒருவர் வகுப்பில் நின்றால், வெற்றிடத்தை நிரப்பாமலிருக்க அதிகாரிகளுக்கு அதுவே சாட்டாகிவிடும். தொண்டரின் நல்ல மனதில் குறையில்லை. அதைக் காட்டி ஆசிரியரின் கூலியை வெட்டுவதுதான் குறை.

வெளிநாட்டு உதவியைச் சரியாகப் பயன்படுத்தியதற்கும் எம்மிடமே சாட்சி உண்டு. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி ஜெர்மன் உதவியோடு எழுந்தது. அங்கே பயிற்சி பெற்ற எமது பிள்ளைகள் இன்று தோட்டப் பாடசாலைகளில் ஆசிரியர்களாக நிற்கிறார்கள்.

ஆகவே தொண்டர் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அடுத்த முறை ஒருவர் வரும்போது பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பெற்றோர் எழுந்து நான்கு கேள்வி கேளுங்கள். எத்தனை தவணை நிற்பார்? எந்த உள்ளூர் ஆசிரியரோடு சேர்ந்து படிப்பிப்பார்? பிள்ளைகளோடு பழகத் தகுந்தவர்தானா என்று விசாரித்தது யார்? நிரந்தர ஆங்கில ஆசிரியர் கேட்டு வலயக் கல்விப் பணிமனைக்குக் கடிதம் போய்விட்டதா?

நான்காவது கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால், கடிதத்தை அந்தக் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்து வைப்போம்.