எத்தனை பேர் உண்கிறார்கள் என்னும் கேள்வி

1947 வாக்கில் ஜப்பானியர் உண்ட இறைச்சியில் ஏறத்தாழப் பாதி திமிங்கிலம். பள்ளி மதிய உணவிலும் அதுவே. இன்று அந்நாட்டு இறைச்சிக் கணக்கில் அது ஒரு விழுக்காட்டைக்கூட எட்டுவதில்லை. 2019இல் வணிக வேட்டையை மீண்டும் தொடங்கிய அரசு அதைத் தேசியப் பண்பாடு என்கிறது. எதிர்ப்போர் யார் உண்கிறார்கள் என்கின்றனர். சில கடற்கரை ஊர்களின் உணவை ஒரு தரப்பு நாடெங்கும் பரப்புகிறது, மறுதரப்பு சராசரியில் கரைக்கிறது. (திமிங்கிலத்துக்கு உயிரின அழிவு என்னும் தனி வழக்குண்டு; எருமைக்கு அது இல்லை.)

சராசரியில் கரைக்கும் வித்தை ஐதராபாத்துக்குப் புதிதன்று. 2012 ஏப்ரலில் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் தலித் மாணவர்கள் நடத்திய மாட்டிறைச்சி விழா மோதலில் முடிந்தது. 2015 டிசம்பரில் நீதிமன்றமும் காவல்துறையும் குறுக்கே நின்றன. இந்துக்களில் இரண்டு விழுக்காட்டினர்கூட உண்ணாததற்கு விழா எதற்கு என்பதே இன்றும் ஓயாத வாதம்.

2011-12 தேசிய மாதிரி ஆய்வின்படி அவ்விழுக்காடு சரியே. ஆயினும் அது ஒன்றேகால் கோடி மனிதர். பெரும்பாலோர் பட்டியல் சாதியினர், பழங்குடியினர். அந்த எண்ணும் எவ்வாறு பிறக்கிறது? முன்பின் அறியாத ஒருவர் படிவத்தோடு வந்து வீட்டில் ஒருவரைக் கேட்கிறார். பசுவும் எருமையும் படிவத்தில் ஒரே வரி. 1977 முதல் பசுவதைத் தடைச்சட்டம் உள்ள மாநிலத்தில், வாடகைக்கு வருவோரிடம் வீட்டுக்காரர் என்ன சமைப்பீர்கள் என்று விசாரிக்கும் நகரத்தில், ஆம் என்பதற்கு விலையுண்டு. நாட்டளவில் 7 விழுக்காடாகப் பதிவாவது உண்மையில் 15ஐ நெருங்கக்கூடும் என்று பால்முரளி நடராஜனும் சூரஜ் ஜேக்கபும் 2018இல் காட்டினர்.

சிறுபான்மை உணவு என்றால் எல்லாவற்றுக்கும் இதே அளவுகோல் வேண்டுமன்றோ? 2011 கணக்கெடுப்பில் சமணர் 0.37 விழுக்காடு. அவர்களுக்கென வானூர்தியில் வெங்காயமும் பூண்டும் இல்லாத தனித் தட்டு வருகிறது, வரட்டும். எத்தனை பேர் என்று எவரும் கேட்பதில்லை. கல்யாணி பிரியாணி உண்ணும் ஐதராபாத் ஏழையிடம் மட்டும் தலையெண்ணிக்கை கேட்கப்படுகிறது.

உஸ்மானியா வளாகத்தின் அருகே, தார்நாகாவில், தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நிற்கிறது. 1918இல் குன்னூரில் தோன்றி 1958இல் இங்கு வந்தது. 2017இல் அது வெளியிட்ட உணவுக்கூறு அட்டவணையில் மாட்டின் ஈரலும் நாக்கும் குடலும்கூட அளந்து எழுதப்பட்டுள்ளன. அங்கே அது உணவு. பக்கத்து வளாகத்தில் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை.

எண்ணிக்கைதான் வேண்டும் என்போர் முதலில் பசுவையும் எருமையையும் தனித்தனி வரியில் கேட்கட்டும். கேட்பவர் யார், பதில் எவர் கைக்குப் போகும் என்பதையும் வாசலிலேயே சொல்லட்டும்.